நூற்றொரு டாலரும் நாத்தனார் முடிச்சும்

1

போன வாரம் தம்பி போன் செய்து, "அக்கா, மறுபடியும் நாம அரியலூர் மாவட்டம் ஆயிட்டோம்" என்றான்.

எங்கள் ஊர் திருமழபாடி. நான் பிறந்தபோது அது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. கல்லூரிக்குப் போன காலத்தில் பெரம்பலூர் மாவட்டம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டபோது அரியலூர் மாவட்டம். விசா கைக்கு வருவதற்குள் திரும்பவும் பெரம்பலூர். இப்போது மறுபடியும் அரியலூர். கொள்ளிடக் கரையில் வீட்டை ஓர் அடிகூட நகர்த்தாமல் இத்தனை மாவட்டம் பார்த்தவர்கள் நாங்கள். இங்கே ஒஹாயோவில் எந்த அலுவலகத்தில் படிவம் நிரப்பினாலும் 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் என் பேனா கொஞ்சம் நின்றுதான் போகும்.

"தை வந்தா கல்யாணமாயி ஒரு வருசம் ஆவுதுக்கா" என்றும் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த அட்டைகள் ஞாபகமாகவே இருக்கிறது. அந்தக் கல்யாணத்துக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை ஊரில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. புள்ளி, அட்டை, கட்டணம் என்று ஆரம்பித்தாலே, பாவம் இவளுக்கு அங்கே குளிர் ஏறிவிட்டது என்பதுபோலப் பார்க்கிறார்கள். அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

2

எங்கள் கோயிலில் பங்குனி மாதம் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். அதைப் பார்த்தால் சீக்கிரம் கல்யாணம் கூடிவரும் என்று எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வருவார்கள். தம்பி குமார் அந்தத் தெருவிலேயே பிறந்து வருஷா வருஷம் பந்தலில் நின்று பார்த்தவன். அவனுக்கு மட்டும் ஐந்து வருஷம் பெண் அமையவில்லை. அரியலூர் சிமென்ட் ஆலையில் அவனோடு வேலை செய்கிறவர்கள், "ஒன் மூஞ்சியப் பாத்துப் பாத்து நந்திக்கே அலுத்துப் போச்சுடா" என்று ஓட்டுவார்களாம்.

கடைசியில் 2006 பங்குனி முடிந்த கையோடு குரும்பலூரில் பெண் அமைந்தது. பெண்ணுக்கு பி.எட். முடிய வேண்டும், அதனால் தையில் வைத்துக்கொள்ளலாம், பெரம்பலூரில் மண்டபம் என்று பேசி முடித்தார்கள். அம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீ வந்துருவல்ல கண்ணு?" என்றாள்.

என் வீட்டுக்காரர் செல்வம் எதிரே உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தின வருஷம்தான் மாமனாரின் இருதய ஆபரேஷனுக்கு மகள் யாழினியோடு நாங்கள் மூன்று பேரும் போய் வந்திருந்தோம். அடுத்து வீடு வாங்க முன்பணம் கட்டியாகிவிட்டது. கையில் இருப்பு என்று எதுவும் இல்லை. அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நான் இழுப்பது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "முடியலன்னா வுடு. சித்தப்பா மவ தேன்மொழி இருக்கால்ல, அவ முடிச்சு போடட்டும்" என்றாள்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைத்தான் போடுவான். மற்ற இரண்டையும் பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் அவனுடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்று பெயர். குமாருக்கு நான் ஒரே அக்கா. அப்பா போன பிறகு அவனுக்கு அரைஞாண் வாங்கியதிலிருந்து அரியலூருக்கு இன்டர்வியூவுக்குப் போக பஸ் ஏற்றியது வரை எல்லாம் நான்தான். தேன்மொழி தங்கமான பெண். இருந்தாலும் அவள் பெயரைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, போனை வைத்ததும் அழுகையும் வந்தது.

"ஏங்க, நானே டிக்கெட்டுக்கு வழி பண்ணிட்டேன்னா?" என்று கேட்டேன்.

"பண்ணிட்டீன்னா நான் பத்து நாள் லீவு போட்டு யாழினியப் பாத்துக்கறேன். ஆனா எப்டி பண்ணுவ?" என்றார்.

நியாயமான கேள்விதான். என் விசா என்னை இந்த நாட்டில் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க விடாது.

3

சம்பாதிக்கத்தான் கூடாது, புள்ளி சேர்க்கலாம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கிரெடிட் கார்டோடு வந்த பொடி எழுத்துக் காகிதத்தை, பூதக்கண்ணாடி இல்லாத குறையாக, ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். ஒரு விமானக் கம்பெனியோடு சேர்ந்து வங்கி செல்வம் பெயரில் கொடுத்த கார்டில் எனக்கும் ஒரு கிளைக் கார்டு உண்டு. அதில் எங்கே செலவழித்தாலும் டாலருக்கு ஒரு புள்ளி. மளிகைக் கடையில் செலவழித்தால் மட்டும் ஐந்து. எண்பதாயிரம் புள்ளி சேர்ந்தால் இந்தியாவுக்குப் போக வர ஒரு டிக்கெட்.

மூன்று பேர் குடும்பம் எவ்வளவு அரிசி பருப்பு சாப்பிட்டுவிட முடியும்? கணக்குப் பட்டம் வாங்கியது அன்றைக்குத்தான் உதவியது. எங்கள் செலவையெல்லாம் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு எழுதினேன். காருக்குப் பெட்ரோல், யாழினிக்கு ஸ்வெட்டர், புது வீட்டுக்குக் குழாய், ஆணி, பெயின்ட். இதெல்லாம் மளிகைக் கடைக்கு வெளியே போகிற பணம். இதை எப்படி மளிகைக் கடை வழியாகத் திருப்புவது என்பதுதான் கேள்வி.

பதில் கடையின் வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கிஃப்ட் கார்டுகள். ஒரு சுழலும் தட்டியில் நூற்றுக்கணக்கில் மாட்டியிருப்பார்கள். கல்லாவில் நீட்டி நூறு டாலர் போடச் சொன்னால், அட்டைக்குள் நூறு டாலர் ஏறிவிடும். அதை எந்தக் கடையிலும் தேய்த்துக்கொள்ளலாம். ஆக, பெட்ரோல் பெட்ரோலாகவே இருக்கும், புள்ளி மட்டும் மளிகைக் கணக்கில் ஐந்தாக வரும். ஓர் அட்டைக்கு ஐந்து டாலருக்கு ஐந்து காசு குறைவாகக் கட்டணம் பிடிக்கிறார்கள். அந்தக் கட்டணத்துக்கும் அதனால் வரும் புள்ளிக்கும் எது கனம் என்று இரண்டு நாள் கூட்டிக் கழித்தேன். மயிரிழையில் புள்ளிதான் கனம்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கொள்ளிடத்தில் யாரும் பார்க்காத இடத்தில் மீன் மடுவைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

மேரியக்காவிடம் ஓடினேன். மேரியக்கா வரதராசன்பேட்டைக்காரர், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேர், மூன்று கார். "அக்கா, ஒங்க பெட்ரோலு, துணிமணி எல்லாத்துக்கும் அட்டைய நானே வாங்கித் தரேன். எனக்குச் செக்கு குடுத்துருங்க. புள்ளி எனக்கு" என்றேன்.

"நீ ஊருக்குப் போறதுக்கு எங்க பசங்க காரு ஓட்டணுமா? அவனுங்க ஓட்டறது போதாதா?" என்று சிரித்தார். ஆனால் சரி என்றார்.

4

இப்போது நான் செய்த அந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் கல்லாவில் இருந்த பெண், "எவ்வளவு போடட்டும், நூறா?" என்று கேட்டாள். அட்டையைப் பார்த்தேன். மேலே சிவப்பு நாடா முடிச்சுப் படம். கீழே 'அன்பளிப்பு' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. என் வாய் தானாக, "நூற்றொன்று" என்றது.

ஊரில் யார் கல்யாணத்துக்காவது முழு நூறு ரூபாய் மொய் எழுதியிருக்கிறோமா? நூறு என்றால் முடிந்துபோனது. ஒன்று சேர்ந்தால்தான் வளரும். மொய்க் கவரிலேயே ஒரு ரூபாயை ஒட்டி விற்கிறார்கள். நான் வாங்குவது என் சொந்த பெட்ரோலுக்குத்தான், யாருக்கும் அன்பளிப்பு இல்லை என்பது மூளைக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து நூற்றொன்று, நூற்றொன்று என்றே வாங்கினேன். மேரியக்காவுக்கு வாங்கினதிலும் அப்படித்தான். அந்த ஒரு டாலர் என் பங்கு.

இன்னொன்றும் செய்தேன். நூறு செலவானதும் அட்டையை நிறுத்திவிடுவேன். அந்த ஒன்றை எடுக்க மனசு வராது. பர்ஸைத் துடைத்து வைக்கக் கூடாது, அரிசிப் பானையைச் சுரண்டக் கூடாது என்று வளர்ந்த உடம்பு இது. ஒரு டாலர் மிச்சமிருந்த அட்டைகளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு சாமி அலமாரிக்குக் கீழே வைத்தேன்.

யாழினிக்கு அப்போது ஏழு வயது. வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்கு ஓர் அட்டை வாங்கி இருபத்தொரு டாலர் போட்டுக் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எல்லாரும் ட்வென்டிதாம்மா குடுத்தாங்க. அவங்க அம்மா, இந்த ஒன் எதுக்குன்னு கேட்டாங்க. எனக்கு ஆன்சர் தெரியல."

"ராசிக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ராசின்னா?"

அவள் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இனிமேல் அப்பாவே கிஃப்ட் வாங்கட்டும் என்பது மட்டும் காதில் விழுந்தது.

5

ஐப்பசி வரைக்கும் எல்லாம் நன்றாகப் போனது. அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டேன். ஒருநாள் கல்லாவில் தேய்த்தபோது என் கார்டை மிஷின் ஏற்கவில்லை. வீட்டுக்கு வந்தால் வங்கியிலிருந்து போன், மோசடித் தடுப்புப் பிரிவு. கார்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், புள்ளிகளையும் சேர்த்து.

ஆனால் போனில் வந்த அம்மாள் என்னோடு பேச மாட்டாராம். நான் கிளைக் கார்டுதானே, மூலக் கார்டுக்காரர் அனுமதி வேண்டும். செல்வத்தை ஆபீஸிலிருந்து வரவழைத்து, அவர் பெயர், பிறந்த தேதி, தாயாரின் கன்னிப் பெயர், அதாவது கல்யாணத்துக்கு முந்தின குடும்பப் பெயர் என்று எல்லாவற்றையும் ஒப்பித்த பிறகு, "என் மனைவியோடு பேசலாம்" என்று சொல்ல வைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டோம். என் மாமியாரின் கன்னிப் பெயர் என்று வங்கியில் இருந்தது ஓர் இனிஷியல் மட்டும். அதற்கே ஐந்து நிமிஷம் போனது.

குரலை வைத்துப் பார்த்தால் வயதானவர். கடுமையாகப் பேசவில்லை. ஒரே மளிகைக் கடையில் நூற்றைந்து டாலர் தொண்ணூற்றைந்து காசு என்று வாரா வாரம் மூன்று நான்கு தடவை வருகிறது, எந்த வீட்டுக் காய்கறிச் செலவும் காசு பிசகாமல் இப்படி வராது, திருட்டுக் கார்டு என்றுதான் கம்ப்யூட்டர் மணி அடித்தது என்றார். நூற்றொன்றோடு அட்டைக் கட்டணம் சேர்ந்த தொகை அது.

"நூறு டாலர் அட்டை வாங்குகிறவர்கள் உண்டு. நூற்றொன்று ஏன்?" என்று கேட்டார். விசாரணைக் குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட குரல்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் ஊரில் அன்பளிப்பை யாரும் பூஜ்யத்தில் முடிப்பதில்லை, ஒன்று கூட வைத்தால் அது முடியாமல் இருக்கும் என்று. ஆரம்பித்தது ஆரம்பித்துவிட்டேன், தம்பி கல்யாணம், மூன்று முடிச்சு, அதில் என் இரண்டு முடிச்சு எல்லாவற்றையும் சொன்னேன். செல்வம் எதிரே கையைக் கையை ஆட்டி, போதும் போதும் என்கிறார். அந்த அம்மாள், "அந்த இரண்டு முடிச்சையும் மாப்பிள்ளையே போட்டுவிடக் கூடாதா?" என்று கேட்டார். கூடாது என்றேன். "சரி" என்று எழுதிக்கொண்டார்போல.

கார்டைத் திறந்துவிட்டார். ஆனால் வங்கி விதிப்படி அன்பளிப்பு அட்டைக்குப் புள்ளி கிடையாதாம். அந்தத் தொகையாக வந்ததெல்லாம் அட்டைதான் என்று நானே சொல்லிவிட்டேனே, அவற்றின் புள்ளியைக் கழித்தாக வேண்டும் என்றார். கழித்தார்கள். கடைசி மூன்று மாதக் கணக்கைத்தான் பார்த்தார்கள், அதற்கு முந்தினவை தப்பித்தன. அறுபதாயிரம் முப்பத்தெட்டாயிரம் ஆனது. போனை வைக்கும்போது அந்த அம்மாள் தம்பிக்கு வாழ்த்துச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

அம்மாவிடம் அன்றைக்கு, "தேன்மொழிட்ட சொல்லி வையி" என்றேன். குமார் போனைப் பிடுங்கி, "அதெல்லாம் சொல்ல வேணாம். நீ வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

6

அதற்குப் பிறகு அட்டையே வாங்கவில்லை. பிழைத்தது மேரியக்காவால். கிறிஸ்துமஸுக்கு அவர்களுடைய மாதா கோயிலில் இருநூறு பேருக்கு விருந்து வைப்பார்கள். அரிசி, கறி, கேக் சாமான் எல்லாவற்றையும் மளிகைக் கடையில் என் கார்டில் வாங்க ஏற்பாடு செய்தார். எல்லாம் நிஜமான மளிகை. விதியில் ஓட்டை எதுவும் இல்லை. தெரிந்த நாலு குடும்பத்தின் மாதச் சாமானும் என் கார்டில்தான். அதோடு, வேறொரு கார்டு எடுத்தால் சேர்ந்த கையோடு கொடுக்கிற புள்ளிகளை, செல்வம் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் முடிந்தபோது இன்னும் இரண்டாயிரம் புள்ளிதான் குறைவு.

அந்த இரண்டாயிரத்தை விமானக் கம்பெனியே விற்கும். விலை, அதற்கொரு கட்டணம், கட்டணத்துக்கு ஒரு வரி என்று கிட்டத்தட்டத் தொண்ணூறு டாலர்.

"நான் தரேன். வாங்கு" என்றார் செல்வம்.

"வேணாங்க. பாட்டில்ல இருக்கு" என்றேன்.

அப்போதுதான் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தேன். அட்டைகளின் முதுகைப் படித்தால் அங்கேயும் பொடி எழுத்து. ஆறு மாதம் தாண்டினால் மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் பிடிப்பார்களாம். நான் மகாலட்சுமிக்கு என்று விட்டுவைத்த டாலரை, பழைய அட்டைகளில் கம்பெனிக்காரன் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாகப் போன் போட்டு இருப்பைக் கேட்டேன். நாற்பது சொச்சம் அட்டையில் இன்னும் உயிர் இருந்தது. போதாது.

மேரியக்காவிடம் வெட்கத்தோடு, "அக்கா, நான் வாங்கிக் குடுத்த அட்டையில எதாச்சும் மிச்சம் கெடக்கா?" என்று கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு ஜிப் பையை எடுத்து வந்தார். எல்லா அட்டையும் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு டாலர் விட்டுவைத்திருந்தார். கம்பெனிக்காரன் எடுத்தது போக, என்னுடையதோடு சேர்த்தால் தொண்ணூறைத் தாண்டியது.

"நூறத்தான் செலவு பண்ணேன் கலை. பசங்ககிட்டயும் சொல்லிட்டேன். அந்த ஒண்ண எப்டி எடுக்கறது?" என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தோம்.

செல்வம் வாரச் சாமானுக்கு என்று கொடுக்கிற காசை அந்த வாரம் டிக்கெட்டுக்கு எடுத்துக்கொள்வது, சாமானை இந்த அட்டைகளில் வாங்குவது என்று திட்டம். "அதுவும் நான் கட்டுன பில்லுதானே?" என்று அவர் ஒரு நியாயத்தைக் கிளப்பினார்.

"நூறு ஒங்களுது. ஒண்ணு என்னுது" என்றேன். அவர் சாமான் லிஸ்டை எடுத்து நீட்டினார்.

7

ஒவ்வோர் அட்டையாகத் தேய்க்க வேண்டும். ஒரு டாலர், ஒரு டாலர், ஒரு டாலர். கல்லாப் பெண் முதல் பத்துக்குச் சிரித்தாள். இருபதுக்கு மேல் சிரிக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் வாய்விட்டே முனகிவிட்டு வேறு வரிசைக்குப் போனார். எனக்குக் காது சுட்டது. யாழினி எப்போதோ என்னைவிட்டு நகர்ந்து, பத்திரிகைத் தட்டி ஓரமாக, யாரோ வீட்டுப் பிள்ளைபோல நின்றுகொண்டிருந்தாள். அது எல்லாவற்றையும்விட வலித்தது.

அட்டைக் கட்டு கை தவறித் தரையில் கொட்டியது. நான் குனிவதற்குள் யாழினி வந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது. உட்கார்ந்து பொறுக்கி, முதுகிலுள்ள கறுப்புக் காந்தப் பட்டை ஒரே பக்கம் வர அடுக்கி, ஒவ்வொன்றாகக் கல்லாப் பெண்ணிடம் நீட்ட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு வேகமாக நடந்தது.

காரில் கேட்டாள். "ஏம்மா எல்லாத்துலயும் ஒன் டாலர் வச்சிருந்த? மேரி ஆன்ட்டியும் வச்சிருக்காங்க."

"நமக்குச் சுத்தமா காலி பண்றது புடிக்காதுடி."

"ஏன்?"

"கொஞ்சம் மிச்சம் இருந்தாத்தான் திரும்ப வரத் தோணும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புரிந்ததா என்று தெரியவில்லை. கையில் கடைசி அட்டை ஒன்றை வைத்திருந்தாள். அதைத் தேய்க்காமல் அவளே எடுத்துக்கொண்டிருக்கிறாள். நானும் கேட்கவில்லை.

8

மூன்று விமானம் மாறி, சென்னையில் ரயில் ஏறி அரியலூரில் இறங்கினேன். குமார் தலைமுடியெல்லாம் சிமென்ட் தூசியோடு ஆலையிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். "நாளன்னைக்குக் கல்யாணம், இன்னைக்கு ஷிப்டா?" என்று திட்டினேன். சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கிக்கொண்டான்.

பெரம்பலூர் மண்டபத்தில் விடியற்கால முகூர்த்தம். பெண்ணுக்குப் பின்னால் விளக்கோடு நான் நின்றேன், பக்கத்தில் தேன்மொழி. கெட்டிமேளம் கொட்டியது. குமார் ஒரு முடிச்சைப் போட்டான். அத்தோடு கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அக்கா" என்றான். விளக்கைத் தேன்மொழியிடம் கொடுத்தேன். மல்லிகைச் சரத்தை ஒதுக்கிவிட்டு மஞ்சள் கயிற்றைப் பிடித்தேன். கண்ணீரில் கயிறே தெரியவில்லை. தடவித் தடவித்தான் இரண்டையும் போட்டேன்.

பந்திக்குப் போகும் முன்பு குமாரின் செல்போனில் ஒஹாயோவுக்குக் கூப்பிட்டேன். அங்கே முந்தின நாள் ராத்திரி. யாழினி படுக்கப் போகாமல் காத்திருந்தாளாம்.

"கட்டிட்டியாம்மா?"

"கட்டிட்டேன்டி."

"மாமா ஒண்ணுதான் கட்டினாரா?"

"ஆமா, ஒண்ணுதான்."

மேளச் சத்தத்தில் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நீ வரணும்னுதான மிச்சம் வச்சிருந்தாரு?" என்றாள்.